ஓய்வுக்குப் பிறகு இருவரும் மேற்கு ஐரோப்பியக் கடல் வழியே: எந்த மாதம், எந்தப் பாதை?

ஜெலுத்தோங் டீச்சர்:

அனைவருக்கும் வணக்கம். நான் பினாங்கில் தமிழ்ப்பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். என் வீட்டுக்காரர் பட்டர்வொர்த் துறைமுகத்தில் வேலை பார்த்தவர். பிள்ளைகளுக்குக் கல்யாணம் முடித்தாயிற்று, வீட்டுக் கடனும் இல்லை. இ.பி.எஃப். பணத்தில் ஒரு பகுதியை இதற்கென்றே எடுத்து வைத்திருக்கிறோம்.

இங்கிலாந்தின் சவுத்ஹாம்டனில் கப்பல் ஏறி, ஸ்பெயினில் லா கொருன்யா, போர்த்துகலில் போர்ட்டோவும் லிஸ்பனும், அப்புறம் காடிஸ், ஜிப்ரால்டர் என்று போய் மறுபடி சவுத்ஹாம்டனுக்கே வரும் ஒரு பயணத்தைப் பார்த்து வைத்திருக்கிறோம். மகன் வேண்டாம் என்கிறான். கோலாலம்பூர் டிராவல் ஃபேரில் பஸ் டூர் எடுத்தால் அதே காசுக்கு ஏழு நாடு பார்க்கலாம் என்று கணக்குப் போட்டுக் காட்டுகிறான். எங்களுக்கு ஏழு நாடு வேண்டாம். இவருக்கு வலது முழங்காலில் தேய்மானம், எனக்குச் சர்க்கரை, இரண்டு பேருக்கும் இனிமேல் ஓடி ஓடிப் பார்க்கிற வயதில்லை. ஆனால் கடல் பார்த்தே வளர்ந்தவர்கள், கடல் வழியாகவே ஒரு கண்டத்தைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை ரொம்ப நாளாக இருக்கிறது. எந்த மாதம் நல்லது, எந்த அறை எடுப்பது, செவ்வாய் வெள்ளி சைவத்துக்கு என்ன வழி, போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

கிள்ளான் எஞ்சினியர்:

வணக்கம் டீச்சர். நான் சரக்குக் கப்பலில் எஞ்சினியராக இருந்தவன், அந்தத் தண்ணீர் எனக்குத் தெரிந்த தண்ணீர், அதனால் முதலில் கடலைப் பற்றியே சொல்லிவிடுகிறேன். பிரான்சுக்கும் வடக்கு ஸ்பெயினுக்கும் நடுவில் இருக்கிற பிஸ்கே வளைகுடாவைத் தாண்டித்தான் லா கொருன்யா போக வேண்டும். அங்கே கடலடி சுமார் 200 மீட்டர் ஆழத்திலிருந்து 4,000 மீட்டருக்கும் கீழே சடாரென்று இறங்குகிறது. அட்லாண்டிக்கில் எங்கோ வீசிய புயலின் அலை, தடுக்க ஒரு தீவுகூட இல்லாமல் நேராக வந்து அந்த விளிம்பில் ஏறும். குளிர்காலத்தில் போகவே வேண்டாம். மே கடைசியிலிருந்து செப்டம்பர் பாதி வரை பெரும்பாலும் அடங்கியிருக்கும். பெரும்பாலும் என்றுதான் சொல்கிறேன், ஜூனிலும் ஒரு ராத்திரி ஆட்டிவிடலாம்.

ஜூலை கடைசியில் இங்கிலாந்தில் பள்ளி விடுமுறை தொடங்கிவிடும், விலை ஏறும், கப்பல் முழுக்கப் பிள்ளைகள். உங்கள் இரண்டு பேருக்கும் ஜூன் அல்லது செப்டம்பர் முதல் பாதி சரியாக வரும்.

அறை விஷயம். கப்பலின் நீளத்தில் நடுப்பகுதி, உயரத்தில் கீழ் டெக், இதுதான் ஆட்டம் குறைந்த இடம். ஸ்டெபிலைசர் பக்கவாட்டு ஆட்டத்தைத்தான் குறைக்கும், முன்பகுதி ஏறி இறங்குவதை அது ஒன்றும் செய்யாது. மேல் டெக்கில் முன்பக்கத்து அறையை மலிவாகக் கொடுத்தால் ஏன் மலிவு என்று புரிந்துகொள்ளுங்கள். பால்கனி எடுப்பதாக இருந்தால் தெற்கே போகும்போது கரை உங்களுக்கு இடது பக்கம் வரும், திரும்பும்போது வலது பக்கம். லிஸ்பனுக்குள் நுழையும்போதும் நகரம் இடது பக்கம்தான்.

இன்னொன்றையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். கரையோரமாகவே மலையையும் கிராமத்தையும் பார்த்துக்கொண்டு போகலாம் என்று நினைத்துவிடாதீர்கள். ஸ்பெயினின் வடமேற்கு ஓரத்து ஃபினிஸ்டெர் முனைக்கு வெளியே கப்பல்களுக்கு என்று பிரித்துவிட்ட வழித்தடம் இருக்கிறது, கரையிலிருந்து நன்றாக விலகித்தான் எல்லாக் கப்பலும் போகும், அதுவும் பெரும்பாலும் இரவில். கரையைப் பார்ப்பது துறைமுகத்துக்குள் நுழையும்போதும் கிளம்பும்போதும்தான். அந்த நேரத்தில் தூங்கிவிடாதீர்கள்.

செராஸ் சுகு:

டீச்சர், மனம் நோகச் சொல்லவில்லை, ஆனால் உங்கள் மகன் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது என்று நினைக்கிறேன். கப்பல் காலையில் கட்டும், சாயங்காலம் கிளம்பிவிடும். ஒரு ஊரில் ராத்திரி எப்படி இருக்கிறது, கடைக்காரர் காலையில் எப்படிக் கடையைத் திறக்கிறார், இதெல்லாம் பார்க்காமல் லிஸ்பன் போய் வந்தேன் என்று எப்படிச் சொல்வது? அதுவும் ஆயிரக்கணக்கான பேர் ஒரே நேரத்தில் இறங்கி, ஒரே சதுக்கத்தில் நின்று, ஒரே படத்தை எடுத்துக்கொண்டு ஏறுகிறார்கள். அந்த ஊர்க்காரர்களுக்கும் அது பாரம்தான்.

நான் பஸ் டூரும் எடுக்கச் சொல்லவில்லை, அது இன்னும் மோசம். லிஸ்பனில் ஒரு வாரம் அறை எடுத்துத் தங்கி, அங்கிருந்து ரயிலில் போர்ட்டோ போய் வாருங்கள், ஏறக்குறைய மூன்று மணி நேரப் பயணம்தான். இரண்டே ஊர், ஆனால் முழுசாக.

பாயான் லெப்பாஸ் லதா:

டீச்சர், நான் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள், இதே பாதையில் என் வீட்டுக்காரரோடு போய் வந்தேன். அதற்கு முன்னால் பஸ் டூரும் போயிருக்கிறோம், அதனால் இரண்டையும் வைத்துச் சொல்ல முடியும். பஸ் டூரில் விடியற்காலையில் பெட்டியைக் கதவுக்கு வெளியே வைக்க வேண்டும், ஓட்டலில் கஞ்சி மாதிரி ஒன்றும் கிடைக்காது, நாள் முழுக்க முழங்காலை மடக்கி உட்கார வேண்டும், கழிப்பறைக்கு பஸ் நிற்கும் வரை காத்திருக்க வேண்டும். சர்க்கரை இருக்கிறவர்களுக்கு இந்தக் கடைசி விஷயம் எவ்வளவு பெரிய கஷ்டம் என்று சின்னப் பிள்ளைகளுக்குத் தெரியாது. கப்பலில் பெட்டியை ஒரு தடவை பிரித்து அலமாரியில் அடுக்கினால் அவ்வளவுதான். மாத்திரை எடுக்க, கால் நீட்ட, மத்தியானம் படுக்க, எல்லாவற்றுக்கும் நம் அறை பக்கத்திலேயே இருக்கிறது. முழங்கால் வலி உள்ளவருக்கு ஊர் பார்க்கிற தெம்பை மிச்சப்படுத்தித் தருவது இதுதான், சுகு தம்பி.

இனி ஊர்கள். லா கொருன்யாவில் கப்பல் ஊருக்கு நடுவிலேயே கட்டுகிறது. துறைமுகத்தைப் பார்த்து வரிசையாக நிற்கிற வீடுகளின் முன்பக்கம் முழுவதும் வெள்ளைச் சட்டம் போட்ட கண்ணாடி. காற்றையும் மழையையும் தடுத்து வெயிலை மட்டும் உள்ளே விடுவதற்காக அப்படிக் கட்டினார்களாம். அங்கே ரோமர் காலத்துக் கலங்கரை விளக்கம் ஒன்று இன்றும் எரிகிறது, ஹெர்குலிஸ் கோபுரம் என்று பெயர், 2009ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. ஐயாவை மேலே ஏற்ற வேண்டாம், 200க்கும் மேற்பட்ட படிகள். டாக்சியில் போய் அடிவாரத்துப் புல்வெளியில் உட்கார்ந்தாலே அட்லாண்டிக் முழுதும் தெரியும்.

போர்ட்டோவுக்குக் கப்பல் நேராகப் போகாது. லெய்ஷோயிஸ் என்ற துறைமுகத்தில் கட்டும், அங்கிருந்து மெட்ரோ அல்லது டாக்சி. சாவோ பென்டோ ரயில் நிலையத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள், முன்மண்டபத்துச் சுவர் முழுக்க நீலமும் வெள்ளையுமாக சுமார் 20,000 ஓடுகளில் படம் வரைந்திருக்கிறார்கள், உட்கார்ந்து பார்க்கலாம், காசும் இல்லை. ஆற்றங்கரைக்கு இறங்குகிற தெருக்கள் ரொம்பச் சரிவு. இறங்குவது நடந்து, ஏறுவது டாக்சியில் என்று வைத்துக்கொள்ளுங்கள், இல்லை இரண்டுமே டாக்சியில்.

காடிஸ் உங்களுக்காகவே கட்டியது என்று சொல்வேன். கப்பலை விட்டு இறங்கினால் பழைய நகரம், தரை சமம், மூன்று பக்கமும் கடல். ஜிப்ரால்டரில் 426 மீட்டர் உயரப் பாறை, அதன் மேல் குரங்குகள். பத்துமலைக் குரங்குகளைத் தெரிந்த நமக்கு நான் எதுவும் சொல்லித்தர வேண்டியதில்லை, கையில் பை வைத்துக்கொள்ளாதீர்கள். அங்கே சிந்தி வணிகர்கள் பல தலைமுறையாகக் கடை வைத்திருக்கிறார்கள், எஞ்சினியர் லேன் என்ற சின்னச் சந்தில் ஓர் இந்துக் கோயிலும் இருக்கிறது.

லிஸ்பனுக்குள் நுழைகிற காலையைத் தனியாகச் சொல்ல வேண்டும். கப்பல் தேஜோ ஆற்றுக்குள் விடியலில் திரும்புகிறது. இடது கரையில் முதலில் பெலெம் கோபுரம், சின்னதாக, தண்ணீரிலேயே நிற்கிறது. பிறகு சிவப்புத் தொங்குபாலம். தூரத்தில் பார்க்கும்போது கப்பலின் புகைபோக்கி நிச்சயம் இடிக்கும் என்றுதான் தோன்றியது, மேல் டெக்கில் எல்லாரும் தலையைத் தூக்கிக்கொண்டு பேச்சில்லாமல் நின்றோம். பாலத்தின் நடுத் தடங்கள் இரும்புச் சல்லடை, அதன் மேல் கார் ஓடும்போது ஒரு ரீங்காரம் வரும், கப்பல் நெருங்க நெருங்க அது நெஞ்சுக்குள் அதிர்கிற மாதிரி பெரிதாகி, தலைக்கு மேலே கடந்து, பின்னால் குறைந்துகொண்டே போனது. என் வீட்டுக்காரர் என் தோளைப் பிடித்துக்கொண்டே நின்றார். விமானத்தில் இறங்கி டாக்சியில் ஊருக்குள் போகிறவருக்கு இது கிடைக்காது.

ஜெலுத்தோங் டீச்சர்:

லதா, படித்துக் காட்டினேன், இவர் இரண்டு தடவை படிக்கச் சொன்னார். அந்தப் பாலத்துக்கும் தண்ணீருக்கும் இடையில் எவ்வளவு உயரம் என்று கேட்கிறார், துறைமுகத்துக்காரர் அல்லவா. சாப்பாட்டைப் பற்றியும் சொல்லுங்கள். சின்ன ரைஸ் குக்கர் ஒன்றை எடுத்துப் போகலாம் என்று நினைத்திருந்தேன்.

கிள்ளான் எஞ்சினியர்:

சுமார் 70 மீட்டர் என்று ஐயாவிடம் சொல்லுங்கள். நம் பினாங்குப் பாலத்துக்கு அடியில் அந்த மாதிரிப் பெரிய பயணக் கப்பல் நுழையவே முடியாது. 1966ல் திறந்தார்கள், அப்போது சர்வாதிகாரி சலசாரின் பெயர். 1974 ஏப்ரல் 25ல் நடந்த புரட்சிக்குப் பிறகு அந்தத் தேதியையே பாலத்துக்குப் பெயராக வைத்துவிட்டார்கள். ஜிப்ரால்டரில் நிற்கும்போது வளைகுடாவின் எதிர்ப்பக்கம் பார்க்கச் சொல்லுங்கள், அல்ஹெசிராஸ் கண்டெய்னர் துறைமுகம் தெரியும், ஐயாவுக்கு அதுவே போதும்.

ரைஸ் குக்கர் வேண்டவே வேண்டாம் டீச்சர். சூடாகிற கம்பி உள்ள சாமான் எதுவும், குக்கர், கெட்டில், இஸ்திரிப் பெட்டி, ஏறும்போதே வாங்கி வைத்துவிடுவார்கள். கப்பலில் எல்லாரும் பயப்படுவது தீ ஒன்றுக்குத்தான்.

ரவாங் மீனா:

சாப்பாடு நான் சொல்கிறேன் அக்கா. சவுத்ஹாம்டனிலிருந்து கிளம்புகிற கப்பல்களில் பெரும்பாலும் பிரிட்டிஷ் பயணிகள், அதனால் கறி என்பது அவர்களுக்குப் புதிதல்ல, பஃபேயில் ஏதாவது ஓர் இந்திய அயிட்டம் அடிக்கடி இருக்கும். சமையலறையிலும் பரிமாறுகிற இடத்திலும் இந்தியப் பிள்ளைகள் நிறைய வேலை செய்கிறார்கள். முன்பதிவு செய்யும்போதே சைவம் என்று எழுதிக் கொடுங்கள், ஏறின அன்று ராத்திரியே சாப்பாட்டுக் கூடத்தின் தலைமைப் பரிமாறுபவரை நேரில் பார்த்துச் செவ்வாய், வெள்ளி என்று கிழமையோடு சொல்லுங்கள். முதல்நாளே சொன்னால் பருப்பு, சாதம், ஒரு காய் செய்து தருகிறார்கள். வந்து உட்கார்ந்த பிறகு கேட்டால் வேகவைத்த கேரட்தான்.

கரையில் கவனமாக இருக்க வேண்டியது போர்த்துகலில்தான். கால்டோ வெர்டே என்று பச்சையாக ஒரு கீரை சூப் தருவார்கள், பார்க்கச் சைவம்தான், ஆனால் அடியில் பன்றித் தொத்திறைச்சித் துண்டு கிடக்கும். நம் ஊர் எக் டார்ட் மாதிரி அங்கே ஒன்று புகழ்பெற்றது, பெலெமில் 1837லிருந்து ஒரு கடை செய்கிறது, அதில் முட்டை உண்டு, வெள்ளிக்கிழமை சாப்பிட மாட்டீர்கள் என்றால் வேறு கிழமை வைத்துக்கொள்ளுங்கள். லா கொருன்யா பக்கம் பட்ரோன் மிளகாய் கேளுங்கள், பச்சை மிளகாயை முழுசாக எண்ணெயில் வாட்டிக் கல்லுப்பு தூவித் தருகிறார்கள், பெரும்பாலும் காரமில்லை, நடுவில் ஒன்று சுள்ளென்று இருக்கும். ரொட்டியோடு நன்றாக இருக்கிறது.

வீட்டிலிருந்து இட்லிப் பொடி, ஊறுகாய் இது போதும். பால்கோவா, நெய், இறைச்சி சம்பல் எதையும் பெட்டியில் வைக்காதீர்கள். ஐரோப்பிய நாடுகளுக்குள் வெளியிலிருந்து பால், இறைச்சிப் பொருள் கொண்டு போகக் கூடாது.

பாயான் லெப்பாஸ் லதா:

மீனா சொன்னதோடு நர்ஸாக இரண்டு வார்த்தை. குமட்டல் மாத்திரையை ஆட்டம் தொடங்கின பிறகு போட்டால் பிரயோசனம் குறைவு, முன்னாலேயே போட வேண்டும். லிப்ட் பக்கத்துக் கைப்பிடியில் பணியாளர்கள் காகிதப் பைகளைச் செருகி வைக்கிறார்கள் என்றால் நேரம் வந்துவிட்டது. ஆனால் அந்த மாத்திரை சிலருக்குத் தலையைச் சுற்ற வைக்கும், வயதானவர்கள் படியில் விழுந்துவிடுவார்கள், உங்கள் டாக்டரிடம் இப்போதே கேட்டு இங்கேயே வீட்டில் ஒன்று போட்டுப் பாருங்கள். வாந்தி எடுத்தால் சர்க்கரை மாத்திரையை என்ன செய்வது என்றும் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், சாப்பாடு வயிற்றில் தங்காமல் மருந்து மட்டும் போனால் சர்க்கரை தாழ்ந்துவிடும். கையில் குளுக்கோஸ் இருக்கட்டும். சாப்பிடும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், கப்பலில் பரவுகிற நோரோவைரஸ் வயிற்றுப்போக்குக்கு வாசலில் தருகிற ஜெல் மட்டும் போதாது.

கூச்சாய் லாமா குமரன்:

பேப்பர் வேலைகளை நான் சொல்கிறேன். என் அப்பா அம்மாவுக்கு எல்லாம் நான்தான் செய்து கொடுத்தேன்.

மலேசியக் கடப்பிதழுக்கு ஷெங்கன் நாடுகளில் (ஸ்பெயினும் போர்த்துகலும் இதில் அடங்கும்) விசா வேண்டாம், 180 நாளில் 90 நாள் வரை இருக்கலாம். பிரிட்டனுக்கும் சுற்றுலா விசா இல்லை, ஆனால் 2025 ஜனவரி 8 முதல் இ.டி.ஏ. என்ற மின்னணு அனுமதி கட்டாயம். கைப்பேசியிலேயே எடுக்கலாம். பிரிட்டிஷ் அரசாங்கத்தின் சொந்தச் செயலியில் மட்டும் எடுங்கள், தேடினால் முதலில் வருகிற தளங்கள் பல அரசாங்கத்துடையவை அல்ல, பல மடங்கு காசு கேட்கும். 2025 அக்டோபரிலிருந்து ஷெங்கன் எல்லையில் கைரேகையும் முகப்படமும் எடுக்க ஆரம்பித்திருக்கிறார்கள், வரிசை நீளலாம், ஐயாவுக்கு நிற்க முடியாது என்றால் முன்பதிவிலேயே சக்கர நாற்காலி உதவி கேட்டுவிடுங்கள். கேட்பதில் வெட்கமே வேண்டாம், அது எல்லாருக்கும் இருக்கிற வசதி.

இன்சூரன்ஸ்தான் முக்கியம். கப்பலில் டாக்டர் இருப்பார், ஆனால் பார்த்தவுடன் பில் உங்கள் அறைக் கணக்கில் ஏறிவிடும், நீங்கள் கட்டிவிட்டு ஊருக்கு வந்து கேட்டு வாங்க வேண்டும். சாதாரணப் பயண இன்சூரன்சில் கப்பல் பயணம் அடங்குகிறதா, நடுக்கடலிலிருந்து ஹெலிகாப்டரில் இறக்கினால் செலவு யாருடையது, ஏற்கனவே இருக்கிற சர்க்கரை, பிரஷர், முழங்கால் சேருமா என்று கேளுங்கள், பதிலை எழுத்தில் வாங்குங்கள். 70 வயதுக்கு மேல் பல திட்டங்களில் ஈட்டுத் தொகை குறைந்துவிடும். உறவினர் ஒருவருக்கு ஓர் ஏஜென்ட் எல்லாம் அடங்கும் அங்கிள் என்று வாயால் சொன்னதை நம்பி, பிறகு ஆயிரக்கணக்கான ரிங்கிட் கையை விட்டுப் போனது.

கப்பல் கிளம்பினதும் கைப்பேசியை ஏரோபிளேன் மோடில் போடுங்கள். நடுக்கடலில் கப்பலின் சாட்டிலைட் வலையமைப்பில் தானாக இணைந்து ரோமிங் பில் வந்துவிடும். கப்பல் வைஃபையும் மலிவில்லை. பிள்ளைகளிடம் கரையில் இறங்கும்போது மட்டும் பேசுவோம் என்று சொல்லி வையுங்கள். டிப்ஸ் கட்டணத்தில் சேர்ந்ததா, நாளுக்கு நாள் கணக்கில் ஏறுமா என்பதும் கப்பலுக்குக் கப்பல் வேறுபடும், ஏஜென்டிடம் கேளுங்கள்.

செராஸ் சுகு:

லதா அக்கா முழங்கால் பற்றிச் சொன்னதை ஒத்துக்கொள்கிறேன், நான் அந்தப் பக்கத்திலிருந்து யோசிக்கவில்லை. ஆனால் ஊரில் தங்க வேண்டும் என்பதை விட மாட்டேன். டீச்சர், ஏன் மறுபடி சவுத்ஹாம்டனுக்கே திரும்பி வர வேண்டும்? ஒரு வழிப் பயணம் பாருங்கள். வசந்தத்திலும் செப்டம்பர், அக்டோபரிலும் கப்பல்களை வடக்கிலிருந்து மத்தியதரைக் கடலுக்கும் அங்கிருந்து வடக்குக்கும் மாற்றுவார்கள், அந்தப் பயணங்கள் ஒரு வழிதான், நாள் கணக்கில் பார்த்தால் விலையும் பெரும்பாலும் குறைவு. லிஸ்பனில் முடிகிற ஒன்று கிடைத்தால் அங்கேயே இறங்கி நான்கைந்து நாள் தங்குங்கள். கோலாலம்பூரிலிருந்து லண்டனுக்கு நேராக விமானம் இருக்கிறது, திரும்பும்போது லிஸ்பனிலிருந்து துபாய் அல்லது இஸ்தான்புல் வழியாக வந்துவிடலாம். பிஸ்கேயையும் ஒரு தடவைதான் கடக்க வேண்டும்.

போகும்போது மட்டும் கப்பல் கிளம்புகிற அன்றே லண்டனில் இறங்குகிற மாதிரி டிக்கெட் போடாதீர்கள். விமானம் தாமதமானால் கப்பல் காத்திருக்காது. முதல்நாளே போய்ச் சவுத்ஹாம்டனில் படுத்துத் தூங்குங்கள்.

ஜெலுத்தோங் டீச்சர்:

சுகு தம்பி, இது எங்களுக்குத் தோன்றவே இல்லை. நேற்று ராத்திரி இவரும் நானும் வரைபடத்தை விரித்து உட்கார்ந்துவிட்டோம். லிஸ்பனில் முடிப்பதுதான் எனக்கும் சரியாகப் படுகிறது, அதற்கு என் சொந்தக் காரணமும் ஒன்று உண்டு. பிள்ளைகளுக்கு வருஷா வருஷம் மலாக்கா பாடம் எடுத்தவள் நான். 1511ல் போர்த்துகீசியத் தளபதி அல்புகெர்க்கே மலாக்காவைப் பிடித்ததும், கொள்ளையடித்த செல்வத்தோடு திரும்பிய ஃப்ளோர் தே லா மார் கப்பல் சுமத்ராவுக்கு அருகில் மூழ்கியதும் மனப்பாடம். மலாக்காவில் அருங்காட்சியகமாக நிற்கிற அந்தக் கப்பலின் மாதிரிக்குள் மாணவர்களை எத்தனையோ முறை கூட்டிப் போயிருக்கிறேன். அசல் கப்பல் 1502ல் கட்டப்பட்டது லிஸ்பனில். அவர்கள் புறப்பட்ட ஆற்றுவாயைக் கப்பலில் இருந்தபடியே பார்க்க வேண்டும். மலாக்காவில் அன்று தமிழ் வணிகர்கள் எவ்வளவு செல்வாக்கோடு இருந்தார்கள், அந்தச் செல்வாக்கு எப்படிச் சிதறியது என்பதெல்லாம் அந்த ஆற்றிலிருந்து கிளம்பிய கப்பல்களோடு சேர்ந்த கதை. 1554ல் தமிழை லத்தீன் எழுத்தில் முதன்முதலாக அச்சிட்டதும் அதே லிஸ்பனில்தான். இதையெல்லாம் வகுப்பில் சொன்னவள் ஒரு தடவையாவது அங்கே நிற்க வேண்டும் என்று நினைப்பது தப்பா சொல்லுங்கள்.

மகனிடமும் பேசிவிட்டேன். ஏழு நாடு கணக்கை அவன் மடித்து வைத்துவிட்டான், இப்போது அவனே ஒரு வழிக் கப்பல்களைத் தேடிக்கொண்டிருக்கிறான். லிஸ்பனில் இவருக்கு நடை குறைவாக இருக்க எங்கே தங்குவது?

பாயான் லெப்பாஸ் லதா:

டீச்சர், அல்ஃபாமா அழகாக இருக்கிறது என்று படம் பார்த்து அங்கே அறை எடுக்காதீர்கள், முழுக்கப் படி. பைஷா என்கிற சமதளப் பகுதியில், லிப்ட் இருக்கிறதா என்று கேட்டு எடுங்கள். லிஸ்பன் நடைபாதையெல்லாம் வழவழப்பான சின்னச் சின்னச் சுண்ணாம்புக் கற்கள், மழைத் தூறல் விழுந்தால் வழுக்கும், ஐயாவுக்கு ரப்பர் அடிப்பாகம் உள்ள ஷூவும் ஒரு மடக்குத் தடியும் வேண்டும். மேட்டுக்கு டுக்டுக் கிடைக்கும். 28ஆம் நம்பர் டிராமில் எல்லாரும் ஏறச் சொல்வார்கள், நின்றுகொண்டே போக வேண்டியிருக்கும், உங்களுக்கு வேண்டாம்.

பெலெமுக்கு 15ஆம் நம்பர் டிராம், பிராசா தா ஃபிகெய்ராவிலிருந்து. திங்கட்கிழமை போகாதீர்கள், ஜெரோனிமோஸ் மடாலயம் மூடியிருக்கும். வாஸ்கோ ட காமாவின் கல்லறை அங்கேதான். நீங்கள் சொன்ன அல்புகெர்க்கேவும் பக்கத்துச் சதுக்கத்தில் உயரமான தூணின் மேல் சிலையாக நிற்கிறார். வெள்ளிக்கிழமைக்கு லுமியார் பக்கத்தில் ராதா கிருஷ்ணர் கோயில் இருக்கிறது, குஜராத்திக்காரர்கள் நடத்துவது, அங்கே சைவச் சாப்பாடும் கிடைக்கும். மளிகை ஏதாவது வேண்டுமென்றால் மார்ட்டிம் மோனிஸ் பக்கம் நம் ஆட்கள் கடைகள்.

கிள்ளான் எஞ்சினியர்:

கடைசியாக ஒன்று, இதில்தான் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். ஸ்பெயின் நேரம் போர்த்துகலையும் பிரிட்டனையும் விட ஒரு மணி நேரம் முன்னால். கப்பல் கடிகாரத்தை மாற்றும் கப்பலும் உண்டு, மாற்றாததும் உண்டு. கைப்பேசி தானாக மாறிக்கொள்ளும், அதை நம்பாதீர்கள். சாதாரணக் கைக்கடிகாரத்தைக் கப்பல் நேரத்தில் வைத்துக்கொண்டு இறங்குங்கள். ஏற வேண்டிய நேரம் என்று வாசலில் எழுதியிருப்பார்கள், பெரும்பாலும் கிளம்புவதற்கு அரை மணிக்கு முன்னால். கப்பலே ஏற்பாடு செய்த சுற்றுலாவில் போனால் தாமதமானாலும் காத்திருப்பார்கள், தனியாகப் போனால் இல்லை. லா கொருன்யாவிலிருந்து தள்ளி வேறு ஊரில் இருக்கிற சந்தியாகோ தேவாலயம் போகிற எண்ணம் இருந்தால் அதற்கு மட்டும் கப்பல் சுற்றுலாவையே எடுங்கள், மற்ற ஊர்களில் நீங்களாகவே போகலாம். இறங்கும்போது துறைமுக ஏஜென்டின் நம்பரையும் கடப்பிதழ் நகலையும் ஆளுக்கொன்று பையில் வைத்துக்கொள்ளுங்கள். மருந்து முழுவதும் கைப்பையில்தான் இருக்க வேண்டும், ஏறும்போது பெரிய பெட்டியை வாங்கிக்கொண்டு போய்ச் சாயங்காலம்தான் அறைக்குக் கொண்டு வருவார்கள்.